சுவரில் ஒட்டிய பாடம்

டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்யப் புறப்படுகிறவர் அதற்கு முன்னால் எவ்வளவு கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்டால், எந்தச் சர்வகலாசாலையும் ஒரு பட்டியலை எடுத்து நீட்டிவிடும். இன்ன இன்ன பாடம், இன்ன பரீட்சை, இத்தனை மார்க்கு. அதைப் பார்த்தவுடன் பாதிப் பேருக்குத் தலை சுற்றும்; மீதிப் பேர் புத்தகக் கடைக்கு ஓடுவார்கள். பட்டியல் போடுவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பட்டியல் போட்டுத் தர ஒருவரும் இல்லாத இடத்தில், பட்டம் தரவே ஒருவரும் விரும்பாத காலத்தில், ஒரு பெண் அந்தத் தயாரிப்பை எப்படிச் செய்துகொண்டாள் என்று பார்த்தால், பட்டியலில் இல்லாத சில விஷயங்கள் நமக்குத் தெரியவரும்.

அவள் பெயர் ஸோபியா கோவலெவ்ஸ்கயா. 1874-ம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள கோட்டிங்கன் சர்வகலாசாலை அவளுக்குக் கணிதத்தில் டாக்டர் பட்டம் வழங்கியது. நவீன ஐரோப்பாவில் ஆராய்ச்சி செய்து அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவள்தான். அப்போது அவளுக்கு வயது 24. தயாரிப்பு தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னால், ருஷ்ய நாட்டுப் புறத்தில் ஒரு பெரிய வீட்டின் குழந்தைகள் அறையில்.

அவளுடைய தகப்பனார் பீரங்கிப் படையில் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றவர். 1858-ல் குடும்பத்தோடு பலிபினோ என்ற தம் பண்ணைக்குக் குடிவந்தார். பழைய வீட்டைப் புதுப்பித்து, அறைச் சுவர்களில் ஒட்டுவதற்குச் சித்திரக் காகிதம் தலைநகரான பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து தருவித்தார்கள். எல்லா அறைக்கும் ஒட்டியான பிறகு ஓர் அறைக்கு மட்டும் காகிதம் போதவில்லை. அது குழந்தைகள் அறை. ஒரு குழந்தைகள் அறைக்காக மறுபடியும் அவ்வளவு தூரம் ஆள் அனுப்புவார்களா? வீட்டிலே கிடந்த பழைய தாள்களை எடுத்து ஒட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. தகப்பனார் வாலிபத்தில் கணிதம் படித்தபோது வாங்கிய, ஆஸ்ட்ரோகிராட்ஸ்கி என்ற ருஷ்யக் கணித மேதையின் கால்குலஸ் பிரசங்கங்கள் கல்லச்சில் அடித்த தாள்களாகப் பரணில் கிடந்தன. அவைதாம் சுவரேறின.

அந்தச் சுவரின் முன்னால் சிறுமி ஸோபியா மணிக்கணக்காக நின்றாள். புரியாத குறிகள், புரியாத வாக்கியங்கள். தாள்கள் வரிசை மாறி ஒட்டியிருந்தபடியால் எதற்குப் பின் எது என்பதும் தெரியாது. எந்தத் தாளுக்கு அடுத்தது எந்தத் தாள் என்று கண்டுபிடிப்பதே அவளுக்கு ஒரு விளையாட்டு. அர்த்தம் தெரியாமலே பல சூத்திரங்கள் மனத்தில் பதிந்துவிட்டன. பின்னால் பதினைந்தாவது வயதில் பீட்டர்ஸ்பர்க்கில் ஸ்ட்ரன்னோலியூப்ஸ்கி என்ற ஆசிரியரிடம் முறையாகக் கால்குலஸ் கற்கத் தொடங்கியபோது, எல்லை என்ற கருத்தை அவர் விளக்க ஆரம்பித்ததுமே இவள் பிடித்துக்கொண்டாளாம். முன்பே தெரிந்தவள் போலல்லவா இருக்கிறாய் என்று அவர் வியந்தாராம். அந்தக் கணத்தில் பலிபினோச் சுவர் தன் கண் முன் நின்றதாக அவளே தன் இளமை நினைவுகளில் எழுதியிருக்கிறாள்.

இந்தச் சம்பவத்தை நாவலில் வைத்தால் விமர்சகர்கள் விடமாட்டார்கள். 'ஆசிரியர் தம் வசதிக்காகக் காகிதத்தைக் குறைத்துவிட்டார்' என்பார்கள். வாழ்க்கை எழுதும் கதைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இதிலிருந்து, கணிதத் தாளைச் சுவரில் ஒட்டினால் குழந்தை மேதையாகிவிடும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அதே வீட்டில் அவளுக்கு ஓர் அக்காளும் ஒரு தம்பியும் இருந்தார்கள். அந்தக் காகிதம் அவர்களைக் கணித மேதையாக்கிவிடவில்லை.

சுவர் ஒன்று மட்டும் போதியிருக்காது. பீட்டர் என்ற பெரியப்பா ஒருவர் வந்து போவார். முறையாகக் கணிதம் கற்றவர் அல்ல. கண்டதையும் படித்துவிட்டுக் குழந்தையிடம் வந்து கொட்டுவார். வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரம் வரைய முடியுமா என்பார். ஒரு வளைகோடு ஒரு நேர்கோட்டை நெருங்கிக்கொண்டே போகும், ஆனால் ஒருபோதும் தொடாது என்பார். குழந்தைக்குப் பொருள் விளங்கவில்லை. ஆயினும் கணிதம் என்பது ஏதோ மர்மமான, மேலான உலகம் என்ற பக்தி பிறந்தது. மாலேவிச் என்ற வீட்டு வாத்தியார் அஸ்திவாரமாக எண்கணிதத்தை அழுத்தமாகப் போட்டுவைத்தார். இவள் மற்றப் பாடங்களைத் தள்ளிவிட்டுக் கணக்கிலேயே மூழ்குவதைப் பார்த்த தகப்பனார் கணக்குப் பாடத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். படித்த பெண்கள் என்றாலே அவருக்கு ஒரு பயம். அவள் விட்டாளா? பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய அல்ஜீப்ராப் புத்தகம் ஒன்றைச் சம்பாதித்துத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்து, வீடு உறங்கிய பிறகு மங்கிய விளக்கொளியில் படித்தாள். அந்த வயதுப் பெண்கள் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கும் புத்தகம் எதுவென்று நமக்குத் தெரியும். அல்ஜீப்ராவை ஒளித்துவைத்தவளை நான் கேள்விப்பட்டது இந்த ஓர் இடத்தில்தான்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் டிர்ட்டோவ் என்பவர் பௌதிகப் பேராசிரியர். தாம் எழுதிய பாடப் புத்தகம் ஒன்றை ஜெனரல் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். ஸோபியா அதை எடுத்துப் படித்தாள். ஒளியைப் பற்றிய அத்தியாயம் வந்ததும் வழியை மறித்துக்கொண்டு ஒரு புதுச் சொல் நின்றது: சைன். கோணவியலில் வருவது. அவள் கோணவியலே படித்ததில்லை. மாலேவிச்சிடம் கேட்டால் அவரும் கைவிரித்துவிட்டார். அவள் என்ன செய்தாள்? புத்தகத்தில் அந்தச் சொல் வரும் இடங்களையெல்லாம் வைத்துக்கொண்டு, அதற்கு என்ன பொருள் இருந்தால் கணக்கு சரியாக வரும் என்று தேடினாள். வட்டத்தில் ஒரு கோணத்துக்கு எதிரே இழுக்கும் நாணை வைத்துப் பார்த்தாள். ஏறக்குறையச் சரியாக வந்தது! சிறிய கோணங்களில் இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. பத்துப் பாகைக் கோணத்துக்குச் சைன் 0.1736, நாண் 0.1743. புத்தகத்திலே வந்தவை சிறு கோணங்களே ஆகையால் அவளுடைய ஊகம் அவளைக் கடைசிப் பக்கம் வரை கொண்டுபோய்விட்டது.

அடுத்த தடவை வந்த டிர்ட்டோவிடம் புத்தகத்தைப் படித்ததாகச் சொன்னாள். அவர் சிரித்தார். சைனை எப்படிப் புரிந்துகொண்டாய் என்று கேட்டதற்கு அவள் விளக்கியதும் சிரிப்பு நின்றது. சரித்திரத்தில் அந்தக் கருத்து எந்த வழியாகப் பிறந்ததோ அதே வழியாகத்தான் இந்தப் பெண்ணும் வந்திருந்தாள். இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நாணை முதலில் கையாண்டவர்கள் கிரேக்கர்கள்; பாதி நாணை எடுத்து அதற்கு வில்லின் நாணைக் குறிக்கும் 'ஜ்யா' என்ற பெயரை இட்டு அட்டவணை போட்டவர்கள் ஆரியபடர் முதலிய நம் நாட்டுச் சோதிடக் கணிதர்கள். அந்தச் சொல் அரபு நாடு போய், அங்கே வேறு சொல்லாக வாசிக்கப்பட்டு, லத்தீனில் வளைவு என்ற பொருளுள்ள 'சைனஸ்' ஆக மொழிபெயர்க்கப்பட்டது. டிர்ட்டோவ் ஜெனரலிடம் சென்று, இவள் இன்னொரு பாஸ்கல், இவளுக்குக் கணிதம் கற்பிக்காமல் விடுவது பாவம் என்று மன்றாடினார். ஜெனரல் உடனே சம்மதித்துவிடவில்லை. பீட்டர்ஸ்பர்க் பாடங்கள் கிடைத்தது இதன் பலனாகத்தான்.

பட்டியலில் இராத விஷயம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதில் முதலாவது இது. ஆராய்ச்சிக்கு வேண்டிய கணிதத்தில் பாதி, தெரிந்த பாடத்தின் அளவு. மறு பாதி, தெரியாத சொல் குறுக்கே நிற்கும்போது புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருக்கும் பழக்கம். அந்த மறு பாதி இவளுக்குப் பதினைந்து வயதுக்குள் கைவந்துவிட்டது.

வீட்டில் பாடம் கிடைத்தாயிற்று, சர்வகலாசாலை? ருஷ்யாவில் 1863-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பெண்களுக்கு அதன் கதவு மூடிக்கிடந்தது. வெளிநாடு போகலாம் என்றால் பெண்ணுக்குத் தகப்பனாரின் அனுமதி வேண்டும். கல்யாணமானவள் என்றால் புருஷனுடைய அனுமதி. தகப்பனார் தரமாட்டார். எனவே அந்தக் காலத்து ருஷ்ய இளைஞர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: பெயருக்கு ஒரு கல்யாணம். முற்போக்கான வாலிபன் ஒருவன் பெண்ணைச் சட்டப்படி மணந்துகொண்டு எல்லை தாண்டி அழைத்துப்போவான். அப்புறம் அவள் வழி அவளுக்கு, அவன் வழி அவனுக்கு.

முதலில் இதற்கு ஏற்பாடானவள் அக்காள் அன்யூதாதான். அவளும் சாமானியப் பெண் அல்ல. வீட்டுக்குத் தெரியாமல் கதை எழுதி டாஸ்டாவ்ஸ்கியின் பத்திரிகையில் பிரசுரம் செய்தவள். அந்த மகா நாவலாசிரியரே தன்னை மணக்கும்படி கேட்டபோது மறுத்தவள். அந்தச் சமயத்தில் டாஸ்டாவ்ஸ்கி மீது பதினைந்து வயது ஸோபியா மனம் வைத்திருந்தாள் என்பது தனிக் கதை. அதை அவளே மிக அழகாக எழுதியிருக்கிறாள். மாப்பிள்ளையாக வந்த விளாதிமீர் கோவலெவ்ஸ்கி புத்தகப் பிரசுரகர்த்தர். டார்வினின் நூல்களை ருஷ்ய மொழியில் வெளியிட்டவர். இரு சகோதரிகளையும் பார்த்துவிட்டு, கல்யாணம் செய்வதானால் இளையவளோடுதான் என்று அவர் சொல்லிவிட்டார். மூத்தவள் இருக்க இளையவளுக்கா என்று ஜெனரல் மறுத்தார். நம் வீட்டுத் தகப்பனார்கள் சொல்வது போலவே இருக்கிறதல்லவா? வீட்டில் விருந்து நடந்த ஒரு மாலைப் பொழுதில் ஸோபியா ஒரு சீட்டு எழுதிவைத்துவிட்டு விளாதிமீர் தங்கியிருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். விருந்தாளிகள் முன்னிலையில் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஜெனரல் நிச்சயதார்த்தத்தை அறிவிக்க வேண்டியதாயிற்று. 1868-ல் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு வயது 18.

ஒரு கணித மாணவிக்கு இதெல்லாம் தயாரிப்பில் சேர்த்தியா என்று கேட்கலாம். சேர்த்திதான். மற்றவர்களுக்கு ரயில் டிக்கட்டோடு முடிந்த காரியத்துக்கு இவள் தன் கல்யாணத்தைச் செலவிட வேண்டியிருந்தது. அந்தப் பெயரளவுக் கல்யாணம் பின்னால் உண்மைத் தாம்பத்தியமாகி, 1878-ல் ஒரு பெண் குழந்தையும் பிறந்து, 1883-ல் கடன் தொல்லையில் சிக்கிய விளாதிமீரின் தற்கொலையில் முடிந்தது. அந்தத் துயரம் இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.

1869-ல் ஹைடல்பர்க் வந்து சேர்ந்தாள். அங்கேயும் பெண்களைச் சேர்ப்பது கிடையாது. ஒவ்வொரு பேராசிரியரையும் தனித்தனியே பார்த்து, உங்கள் வகுப்பில் உட்கார்ந்து கேட்கலாமா என்று அனுமதி வாங்கினாள். கணிதத்துக்குக் கோனிக்ஸ்பர்கர், பௌதிகத்துக்குக் கிர்க்காஃப், ஹெல்ம்ஹோல்ட்ஸ். அப்பேர்ப்பட்டவர்களிடம் ஓர் ஆண்டுக்கு மேல் பாடம் கேட்டாள். அதே ஆண்டு லண்டனுக்குப் போனபோது ஜார்ஜ் எலியட் என்ற நாவலாசிரியையின் வீட்டில் ஹெர்பர்ட் ஸ்பென்ஸரைச் சந்தித்தாள். பெண்களின் அறிவாற்றலைப் பற்றி அந்தத் தத்துவ ஞானிக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கும் நீண்ட வாதம் நடந்தது.

கோனிக்ஸ்பர்கர் தம் வகுப்பில் தம் குருநாதரின் பெயரைச் சொல்லாத நாள் இருந்திராது. அந்தக் குரு பெர்லினில் இருந்த கார்ல் வயர்ஸ்ட்ராஸ். 1870-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஸோபியா அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

இங்கே சற்று நின்று அந்தக் கதவைத் திறந்த மனிதரைப் பார்க்க வேண்டும். அவருக்கு 55 வயது நிறையும் சமயம், பிரம்மசாரி, இரு சகோதரிகளோடு வாழ்ந்தார். ஐரோப்பாவின் தலைசிறந்த கணிதப் பேராசிரியர்களில் ஒருவர் என்பது அன்றைய மதிப்பு. ஆனால் அவர் பரீட்சை எழுதி டாக்டர் பட்டம் வாங்கியவர் அல்லர்! தகப்பனார் சர்க்கார் உத்தியோகத்துக்காக அவரைச் சட்டமும் நிதியும் படிக்கப் பான் நகரத்துக்கு அனுப்பினார். நாலு வருஷம் கத்திச் சண்டையும் பீர்க் கடையுமாகக் கழித்துவிட்டு 1838-ல் பட்டமில்லாமல் வீடு திரும்பினார். அந்த நாலு வருஷத்தில் உருப்படியாகச் செய்தது, பெரிய கணித நூல்களைத் தாமாகவே படித்ததுதான். பிறகு பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்குத் தயார் செய்துகொள்ள மூன்ஸ்டருக்குப் போனார். அங்கே கூடர்மன் என்பவர் நீள்வட்டச் சார்புகளைப் பற்றி நடத்திய வகுப்புக்கு முதல் நாள் பதின்மூன்று பேர் வந்தார்களாம். முடிவில் மிஞ்சியவர் வயர்ஸ்ட்ராஸ் ஒருவரே.

அப்புறம் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் சிற்றூர்ப் பள்ளிகளில் உபாத்தியாயர். கணிதத்தோடு கையெழுத்தும் தேகப் பயிற்சியும்கூடச் சொல்லிக்கொடுத்தார். இரவில் ஆராய்ச்சி. 1854-ல் வெளியான ஒரே ஒரு கட்டுரை அவரை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது. கோனிக்ஸ்பர்க் சர்வகலாசாலை வீடு தேடி வந்து கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1856-ல் பெர்லினுக்கு வந்தார். 1861-ல் உடல் நிலை முறிந்த பிறகு வகுப்பில் உட்கார்ந்தபடி அவர் பேச, மாணவன் ஒருவன் கரும்பலகையில் எழுதுவான்.

எந்தச் சான்றிதழும் இல்லாமல் வந்து நின்ற ஒரு பெண்ணை இந்த மனிதர் சான்றிதழ் கேட்காமல் வேறு எப்படியோ சோதித்தார் என்றால் அதில் ஆச்சரியமில்லை என்பது என் எண்ணம். சட்டப்படி பார்த்தால் அவர் தயாரிப்பே ஓட்டை. சட்டம் எவ்வளவு அளக்கும், எவ்வளவு அளக்காது என்பதைச் சொந்த வாழ்க்கையில் கண்டவர் அவர்.

அதற்காக உடனே மனமிளகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். தம் தேர்ந்த மாணவர்களுக்குக் கொடுக்கும் கடினமான கணக்குகள் சிலவற்றைக் கொடுத்து, செய்துகொண்டு வா என்று அனுப்பினார். நாசூக்காகத் தட்டிக்கழிக்கும் உபாயம் என்றும் சொல்வார்கள். ஒரு வாரத்தில் அவள் திரும்பி வந்தாள். எல்லாவற்றையும் செய்திருந்தாள். அவர் நம்பாமல் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வோர் அடியாகக் கேட்டார். விடைகள் சரியாக இருந்தன என்பது மட்டுமல்ல. வழிகள் அவளுடைய சொந்த வழிகளாகவும் இருந்தன. முகத்தை மறைக்கும் பெரிய தொப்பி ஒன்றை அன்று அணிந்திருந்தாளாம். விளக்கும் உற்சாகத்தில் அதைக் கழற்ற, சுருட்டை முடி அவிழ்ந்து விழுந்தது, முகம் சிவந்தது என்று அவளுடைய சரித்திரத்தை எழுதிய தோழி வர்ணிக்கிறாள். தோழியும் ஒரு நாவலாசிரியை. தொப்பியை நான் அவள் கணக்கில் விட்டுவிடுகிறேன், கணக்குகள் உண்மை.

வயர்ஸ்ட்ராஸ் கோனிக்ஸ்பர்கருக்கு எழுதி அவளைப் பற்றி விசாரித்தார். தம் வகுப்பில் அவளை உட்காரவிடும்படி பெர்லின் சர்வகலாசாலையைக் கேட்டார். ஆட்சி மன்றம் மறுத்துவிட்டது. பட்டம் அல்ல, பரீட்சை அல்ல, ஒரு நாற்காலி. அதைக்கூடக் கொடுக்க மனமில்லை. அப்படியானால் நானே தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவர் முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவள் அவர் வீட்டுக்குப் போவாள். வாரத்தில் இன்னொரு நாள் அவர் அவள் இருப்பிடத்துக்கு வருவார். இடையிடையே அவள் ஊரில் இல்லாத மாதங்கள் நீங்கலாக, நாலு வருஷம் இது நடந்தது. சம்பளம் வாங்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் அருமை தெரிய வேண்டுமானால் ஒன்று சொல்ல வேண்டும். வயர்ஸ்ட்ராஸ் கற்பித்த கணிதத்தில் பெரும் பகுதி அப்போது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவருக்கு அச்சிடுவதில் அவசரமே கிடையாது; எல்லாவற்றையும் அஸ்திவாரத்திலிருந்து ஐயமறக் கட்டி முடிக்காமல் வெளியிட மாட்டார். சார்புகளின் பொதுக் கொள்கை, பிறகு நீள்வட்டச் சார்புகள், பிறகு நார்வேக்காரரான ஆபெலின் பெயரால் வழங்கும் சார்புகள் என்று சுற்று முறையில் வகுப்பெடுப்பார். அந்தச் சுற்றை முழுக்கக் கேட்க ஐரோப்பா எங்கிலுமிருந்து வாலிபர்கள் பெர்லினுக்கு வந்தார்கள். அவர்கள் எழுதிக்கொண்ட குறிப்புகள் கைக்குக் கை மாறின. ஆகையால் கோனிக்ஸ்பர்கரிடம் கற்றதோடு அவள் நின்றிருந்தால், எத்தனை புத்தகம் வாங்கினாலும் ஆராய்ச்சியின் எல்லைக்கோட்டை எட்டியிருக்க முடியாது. அந்த எல்லைக்கோடு ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது. வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டதால், வகுப்பிலிருந்தவர்களுக்குக் கிடைக்காத ஒன்று அவளுக்குக் கிடைத்தது: நடுவிலே நிறுத்தி 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லும் உரிமை. பெர்லின் ஆட்சி மன்றம் இந்த உபகாரத்தை நிச்சயமாக உத்தேசித்துச் செய்திருக்காது.

அதற்கு அவள் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. ரசாயனம் படிக்க வந்த யூலியா லெர்மன்தோவா என்ற தோழியோடு வாடகை அறைகளில் குடியிருந்தாள். விளாதிமீர் தம் படிப்பைப் பார்த்துக்கொண்டு வேறு ஊர்களில் இருந்தார். சாப்பாடு மோசம், நண்பர்கள் கிடையாது. காலை முதல் இரவு வரை எழுதுவாள். பிறகு திடீரென்று எழுந்து அறையின் குறுக்கே வேகமாக நடந்துகொண்டு தனக்குத் தானே பேசுவாள், சில சமயம் சிரிப்பாள் என்று அந்தத் தோழி நினைவுகூர்கிறாள். உடல் கெட்டது. 1871-ல் பாரிஸ் நகரத்தில் கம்யூன் புரட்சி மூண்டபோது, அங்கே சிக்கியிருந்த அக்காளைத் தேடி முற்றுகைக்குள் நுழைந்து, காயம்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் பணிசெய்துவிட்டு, மறுபடியும் பெர்லின் அறைக்குத் திரும்பிக் கணக்கைத் தொடர்ந்தாள்.

விசித்திரம் என்னவென்றால், இரண்டு வருஷம் வரை குருவுக்கும் சிஷ்யைக்கும் டாக்டர் பட்டம் என்ற பேச்சே எழவில்லை. கல்யாணமான பெண்ணுக்குப் பட்டம் எதற்கு என்று கிழவர் இருந்துவிட்டார். 1872-ல்தான் அந்தக் கல்யாணத்தின் ரகசியத்தை அவள் அவரிடம் வெளியிட்டாள். அவள் தன் காலில் நிற்க வேண்டியவள் என்று தெரிந்த பிறகே, பட்டத்துக்கு வழிதேட ஆரம்பித்தார். அதாவது பட்டத்துக்காகச் செய்த தயாரிப்பு என்று நாம் சொல்லிக்கொண்டு வந்தது, பாதி வழி வரைக்கும் பட்டத்தை நினைத்துச் செய்ததே அல்ல.

பெர்லினில் நடக்காது. கோட்டிங்கன் சர்வகலாசாலை வெளிநாட்டாருக்கு நேரில் வராமலே பட்டம் கொடுப்பதுண்டு. அங்கே பேராசிரியராயிருந்த ஃபுக்ஸ் என்பவருக்கு வயர்ஸ்ட்ராஸ் எழுதினார். சாதாரணமாக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை போதும். விண்ணப்பிப்பவள் பெண், ஆகவே எவரும் வாய் திறக்க இடமிருக்கக் கூடாது என்று மூன்றை அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் தனியாகவே பட்டத்துக்குத் தகுந்தது என்பது அவர் மதிப்பீடு.

மூன்றில் ஒன்று சனிக் கிரகத்தின் வளையங்கள் எந்த வடிவத்தில் இருக்கும் என்பது. வளையங்களைத் திரவமாக வைத்துக்கொண்டு செய்த கணக்கு அது. அவை எண்ணற்ற சிறு துண்டுகளின் கூட்டம் என்று மாக்ஸ்வெல் அதற்கு முன்பே காட்டியிருந்தபடியால் வானத்துக்கு அது அவ்வளவாக உதவவில்லை. கணக்கின் முறை பிற்காலத்தாருக்கு உதவியது. இன்னொன்று ஆபெலின் பெயருள்ள தொகையீடுகளைச் சில சமயம் எளிய வகையாகக் குறைக்கலாம் என்பது.

மூன்றாவதுதான் அவள் பெயரை நிலைநாட்டியது. வெப்பம் பரவுவது, ஒலி அலை செல்வது, திரவம் ஓடுவது எல்லாவற்றையும் விவரிக்கும் ஒருவகைச் சமன்பாடுகள் உண்டு. தொடக்க நிலையைச் சொல்லிவிட்டால் பின்னால் நடப்பது முழுவதும் தீர்மானமாகிவிடுமா என்பது கேள்வி. எந்த நிபந்தனையில் நிச்சயமாக விடை உண்டு, ஒரே விடைதான் உண்டு என்பதை அவள் நிரூபித்தாள். பிரெஞ்சு அறிஞர் கோஷி முன்பு ஒரு பகுதியைச் செய்திருந்தார். அது குருவுக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. இருவர் பெயரையும் சேர்த்து அந்தத் தேற்றம் வழங்குகிறது. கணிதத்தில் மேற்படிப்புப் படிக்கிறவர்கள் இன்றும் அதைத் தாண்டாமல் போக முடியாது. அதைவிட எனக்குப் பிடித்தது அதில் வரும் ஒரு மறுப்பு. தேற்றம் இன்னும் விரிந்த எல்லைக்குள் பொருந்தும் என்று வயர்ஸ்ட்ராஸ் எண்ணியிருந்தார். கம்பியில் வெப்பம் பரவும் சாதாரணச் சமன்பாட்டையே எடுத்து, தொடக்க நிலையில் ஒரு தவறும் இல்லாதபோதும் விடையாக வரும் தொடர் கூட்ட முடியாதபடி வெடித்துப்போவதை இவள் காட்டினாள். குரு தம் தவற்றைக் கண்டு மகிழ்ந்து பாராட்டி எழுதினார். தெரியாத சொல்லுக்கு நாணைப் பொருத்திப் பார்த்த அதே பெண்தான்; பத்து வருஷம் ஆகியிருந்தது.

இனி வாய்மொழிப் பரீட்சை ஒன்று பாக்கி. அந்நியர்கள் முன்னால் கூச்சத்தில் தனக்கு நாக்கு எழாது, ஜெர்மன் பேச்சும் சரளமில்லை என்று அவளே கோட்டிங்கனுக்கு எழுதி விலக்குக் கேட்டாள். புரட்சி நடந்த பாரிஸுக்குள் நுழைந்தவள், ஸ்பென்ஸரோடு வாதாடியவள்! கட்டுரைகளைப் பார்த்துவிட்டு விலக்கு அளித்தார்கள். 1874 ஆகஸ்டில் மிக உயர்ந்த தகுதிக் குறிப்போடு பட்டம் வந்தது. தோழி யூலியாவும் அதே ஆண்டு அங்கேயே ரசாயனத்தில் டாக்டரானாள்.

பட்டத்தோடு ருஷ்யா திரும்பியவளுக்குக் கிடைக்கக்கூடிய வேலையாக இருந்தது பெண்கள் பள்ளியின் கீழ் வகுப்புகளில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது. தனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சரியாக வராது என்று சொல்லிவிட்டாளாம். ஆறு வருஷம் கணிதத்தைத் தொடவில்லை. பத்திரிகைக்கு எழுதினாள், நாடக விமர்சனம் செய்தாள், கணவரோடு வீடு கட்டும் வியாபாரத்தில் பணத்தை இழந்தாள். குரு எழுதிய கடிதங்களுக்குப் பதில் போடாமலே இருந்தாள்.

1880-ம் ஆண்டு தொடக்கத்தில் பீட்டர்ஸ்பர்க்கில் விஞ்ஞானிகள் மாநாடு கூடியது. ஏதாவது வாசிக்க வேண்டும் என்று செபிஷேவ் என்ற பெரியவர் அவளை அழைத்தார். புதிதாகக் கையில் ஒன்றுமில்லை. கோட்டிங்கனுக்கு அனுப்பிய கட்டுரைகளில் அச்சாகாமல் பெட்டியில் கிடந்த ஆபெல் கட்டுரையை எடுத்து, ஓரிரவில் ருஷ்ய மொழிக்குப் பெயர்த்து, மறுநாள் படித்தாள். ஆறு வருஷம் பழசானது. ஆனாலும் ஒருவரும் அதைவிட மேலே போயிருக்கவில்லை. சபை அதை நன்றாக வரவேற்றது. அவள் மறுபடியும் கணிதத்துக்குத் திரும்பினாள். ருஷ்யாவில் கற்பிக்கும் உரிமைக்கு வேண்டிய மாஜிஸ்டர் பரீட்சையை எழுத அனுமதி கேட்டாள். அது டாக்டர் பட்டத்துக்குக் கீழ்ப்படி. கல்வி மந்திரி அனுமதி மறுத்தார்.

ஸ்வீடன் அழைத்தது. வயர்ஸ்ட்ராஸின் இன்னொரு மாணவரான மித்தாக் லெஃப்ளர் முயற்சியில் 1884-ல் ஸ்டாக்ஹோமில் வகுப்பெடுக்கத் தொடங்கினாள். ஆபெல் கட்டுரை அந்த ஆண்டுதான் அச்சேறியது. சனி வளையம் அதற்கடுத்த ஆண்டு. 1888-ல் பிரெஞ்சு அகாடமியின் போர்தன் பரிசு கிடைத்தது. கட்டுரையின் தகுதியைப் பார்த்து 3000 பிராங்கை 5000 ஆக உயர்த்தினார்கள். 1889-ல் ஆயுள் காலப் பேராசிரியர் பதவி. 1891 பிப்ரவரி 10-ம் தேதி, 41 வயதில், நுரையீரல் அழற்சியில் இறந்தாள்.

செய்தி கேட்ட வயர்ஸ்ட்ராஸ் அவள் தமக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் தீயிலிட்டார். அவர் அவளுக்கு எழுதியவை அவள் பெட்டியில் இருந்தன. அவை 1973-ல் மாஸ்கோவில் புத்தகமாக வந்தன. பாடம், கணக்கு, உடம்பைப் பார்த்துக்கொள் என்ற கண்டிப்பு, ஏன் பதில் இல்லை என்ற கேள்வி எல்லாம் அவற்றில் கலந்து கிடக்கின்றன.